மூட்டை சுமந்தால் வேலை இல்லையா?

பேரப்பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கேள்வி. 50 கிலோ அரிசி மூட்டையை முதுகில் சுமந்தபடி ஒருவர் பத்து நிமிடம் அசையாமல் நிற்கிறார். அவர் செய்த வேலை எவ்வளவு?

பூஜ்யம் என்று எழுதினால் முழு மதிப்பெண். விசை இருக்கிறது, இடப்பெயர்ச்சி இல்லை. ஆகவே வேலையும் இல்லை. சேலம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நானும் இதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். "டீச்சர், எங்கப்பா லீ பஜார்ல மூட்டை தூக்குறாரு. ராத்திரி கால் அமுக்கி விடச் சொல்றாரு. அப்போ அவரு வேலையே செய்யலையா?" வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை உங்களுக்குச் சொல்கிறேன்.

இயற்பியலில் வரும் 'வேலை' இயந்திரங்களுக்காகப் பிறந்த அளவு. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை ஒரு நீராவி இயந்திரம் எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறது என்று ஒப்பிட ஒரு கணக்கு தேவைப்பட்டது. விசையையும் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வரும் அளவுக்கு, 1829-இல் கொரியோலிஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 'வேலை' என்று பெயர் வைத்தார். நம் ஊர்க் கிணறுகளில் அந்தக் காலத்தில் மாடு பூட்டிக் கவலை இறைத்தார்களே, அதையும் இப்படி அளக்கலாம்.

உடம்பு இயந்திரம் மாதிரி இல்லை. மூட்டையை மேசைமேல் வைத்தால் மேசை களைப்பதில்லை. ஆனால் மூட்டையைத் தாங்கி நிற்பவரின் தசைக்குள் நுண்ணிய இழைகள் இழுக்கும், விடும், மறுபடியும் இழுக்கும். ஓயவே ஓயாது. ஒவ்வொரு இழுப்புக்கும் சாப்பாட்டிலிருந்து கிடைத்த ஆற்றல் செலவாகிறது. மூட்டைதான் நகரவில்லையே, அந்த ஆற்றல் எங்கே போகும்? வெப்பமாகிறது. உடனே வியர்க்கிறது.

நாமக்கல் முட்டையை வைத்து ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு முட்டையில் ஏறத்தாழ 70 கிலோ கலோரி, அதாவது சுமார் 2,90,000 ஜூல். 50 கிலோ மூட்டையை 1 மீட்டர் உயர்த்த 490 ஜூல் போதும். வகுத்துப் பாருங்கள். ஒரே முட்டையைச் சாப்பிட்டு 600 தடவை தூக்கலாமாம்! இதை லோடுமேன் ஒருவரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். தசை செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்குகூடத் தூக்குவதற்குப் போய்ச் சேருவது கடினம். மீதியெல்லாம் வெப்பம். மூட்டையோடு தம் உடம்பையும் அல்லவா அவர் குனிந்து நிமிர்த்துகிறார்!

1967-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவர்கள் ஜூல் கணக்கையா பார்த்தார்கள்? மனிதனின் உடம்பைப் பார்த்தார்கள்.

விடை பூஜ்யம்தான், அதில் மாற்றமில்லை. தேர்வில் அப்படியே எழுதுங்கள். ஆனால் அந்தக் கேள்விக்குக் கீழே, "அப்படியானால் அவருக்கு ஏன் வியர்க்கிறது?" என்று இன்னொரு கேள்வியும் இருக்க வேண்டும். அது இல்லாத பாடம் அரைப்பாடம் என்பது என் கருத்து. உங்கள் டீச்சர் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இன்று சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து, கையை நேராக நீட்டி நில்லுங்கள். எத்தனை நிமிடம் தாங்கினீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே, 'செய்த வேலை: பூஜ்யம்' என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.