ஸ்கேன் படம் எங்கே போச்சு? ஒரு எழுத்து மாறினாலும் நோயாளிக்குத்தான் அவதி!

உள்ளூர் ஆஸ்பத்திரியில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு போகும் பஸ்சில் பாருங்கள். யாராவது ஒருத்தர் மடியில் பெரிய கவர் இருக்கும். உள்ளே ஸ்கேன் பிலிம். மடங்கிடக்கூடாது, நனைஞ்சிடக்கூடாது என்று கைக்குழந்தை மாதிரி பிடித்திருப்பார்.

அது தொலைந்தால் மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். அன்றைய கூலியும் போச்சு, ஸ்கேன் பணமும் போச்சு. சி.டி. ஸ்கேன் என்றால் உடம்பில் இன்னொரு தடவை கதிர்வீச்சு வேறு. மார்பு எக்ஸ்ரேயை விட அதில் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம்.

இந்த அவதிக்கு முடிவு கட்ட வந்ததுதான் ‘பேக்ஸ்’ எனப்படும் கம்ப்யூட்டர் படக் கிடங்கு. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எதில் எடுத்தாலும் படம் நேராக கிடங்குக்கு போய்விடும். டாக்டர் தன் ரூமில் இருந்தே பார்க்கலாம்.

ஆனால் மெஷின் வாங்கி வைத்தால் மட்டும் போதுமா? போதாது. அதை கிடங்கோடு சரியாக இணைப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரே பாஷை

ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு பாஷை பேசியது. இதை மாற்ற அமெரிக்காவில் 1985-ல் பொது விதிமுறை கொண்டு வந்தார்கள். 1993-ல் அதற்கு ‘டைகாம்’ என்று பெயர் வந்தது. இன்று உலகம் முழுக்க இதுதான்.

இதன்படி ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெயர், நெட்வொர்க் முகவரி, போர்ட் நம்பர் உண்டு. பெயர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். மெஷினில் ஒரு பெயர், கிடங்கில் இன்னொரு பெயர் என்று பதிந்திருந்தால் கிடங்கு படத்தை வாங்காமல் திருப்பி விடலாம்.

பெயர் குழப்பம்

அடுத்த சிக்கல் நோயாளியின் பெயர். டெக்னீஷியன் அவசரத்தில் கையால் டைப் அடித்தால் முருகன் முருகேசன் ஆகிவிடுவார். படம் கிடங்கில் இருக்கும், தேடினால் கிடைக்காது. வேறு ஆள் கணக்கில் சேர்ந்துவிட்டால் இன்னும் ஆபத்து. சீட்டு போடும் கவுன்டரில் பதிந்த பெயரும் நம்பரும் தானாக மெஷினுக்கு வரும் வசதி இருக்கிறது. இணைக்கும்போதே அதையும் சேர்த்து செய்தால் இந்த தவறு வெகுவாக குறையும்.

பூட்டாத வீடு

கிடங்கை பாஸ்வேர்டு இல்லாமல் இன்டர்நெட்டில் திறந்து போட்டால் என்ன ஆகும்? ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் 2019-ல் ஆய்வு செய்தபோது, 52 நாடுகளில் 590 கிடங்குகள் இப்படி திறந்து கிடந்தன. அதில் 2 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளி பதிவுகள்! இந்தியாவும் அந்த பட்டியலில் இருந்தது. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி சர்வர் 2022 நவம்பரில் சைபர் தாக்குதலில் முடங்கி, பல நாட்கள் பேப்பர், பேனாவோடு வேலை நடந்ததையும் மறக்க முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

ஸ்கேன் அறைக்குள் போகும் முன் பெயர், வயது, நம்பர் சரியா என்று கேளுங்கள். படத்தை சி.டி. தகட்டில் கேட்டு வாங்குங்கள். செல்போனில் எடுத்த போட்டோவை டாக்டர் திருப்பித் திருப்பி அலச முடியாது. தகட்டில் உள்ளதை முடியும்.

கோடிக்கணக்கில் கொட்டி மெஷின் வாங்குகிறவர்கள், இணைப்பு, பூட்டு, மாற்றுப் பிரதி மூன்றையும் முதல் நாளே உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பஸ்சில் அந்த கவர் பயணம் தொடரத்தான் செய்யும்.