விகுதி கேட்கிறதா?

காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தைகளின் முன்னேற்ற அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வருகின்றன. செவி வயது (கருவி வழியே கேட்கத் தொடங்கியதிலிருந்து) இரண்டு. கேப் 6. எஸ்.ஐ.ஆர். 3. சொல்வளம் நூற்றைம்பதுக்கு மேல். அதற்குக் கீழே காய்கறி, பழம், விலங்கு, வாகனம், உடல் உறுப்பு என்று வகை பிரித்த பட்டியல். பெற்றோர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு கிளம்புகிறார்கள். மகிழ வேண்டியதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு கதவை அறைந்தாலும் திரும்பாத குழந்தை அது. ஆனால் அந்தக் குழந்தையின் தமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்று அந்தத் தாளில் தேடினால் பதில் கிடைக்காது.

கேட்கும் திறனைப் பார்க்கும் கேப் அளவுகோலில் 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். தெரிந்தவரோடு தொலைபேசியில் பேசுவது உச்சப் படி. எஸ்.ஐ.ஆர். 1 முதல் 5 வரை. குழந்தையின் பேச்சு பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்பதை அது பார்க்கிறது. எதற்காக உருவாக்கினார்களோ அதை இரண்டும் ஒழுங்காகச் செய்கின்றன. இலக்கணம் அவற்றின் வேலை அல்ல. அந்த வேலையை நாமும் வேறு எதற்கும் கொடுக்கவில்லை.

தமிழில் யார், யாருக்கு, எங்கே, எப்போது என்பதெல்லாம் சொல்லின் கடைசியில்தான் வருகின்றன. எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது நம் இயல்பு. ‘குடுத்துட்டேன்’, ‘வரமாட்டாங்களாம்’ என்று ஒற்றை வினையிலேயே பேச்சு முடிந்துவிடும். காது கேட்கும் குழந்தைகள் இந்த விகுதிகளைப் பிடித்துக்கொள்ளும் வேகம் வியப்பானது. தமிழ்க் குழந்தைகள் இரண்டு வயதை ஒட்டியே வினை விகுதிகளை அதிகம் பிழையில்லாமல் கையாளுவதைப் பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989-இல் எழுதினார்கள். ஒட்டுநிலை மொழியில் அது நடக்கக்கூடியதுதான். விகுதிகள் மாறாமல், ஒழுங்காக, வாக்கியத்துக்கு வாக்கியம் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன, விழுகிற காதுக்கு.

இம்ப்ளான்ட் பொருத்திய நம் குழந்தைகளுக்கு எவ்வளவு விழுகிறது? ‘வந்தான்’ என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி னகரம் கரைந்து, ஆகாரம் மூக்கொலியாகி நிற்கிறது. ‘வந்தாள்’ என்பதில் ளகரம் உதிர்ந்து ‘வந்தா’ ஆகிறது. அவன், அவள் இரண்டுக்கும் இதே கதி. வந்தது தம்பியா தங்கச்சியா என்பது கடைசியில் ஓர் உயிரொலியில் மூக்கொலி கலந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துப் போகிறது. ஒலியியலில் அது முதல் ஃபார்மன்ட்டைச் சுற்றி நிகழும் சிறு மாற்றம். கருவியில் மின்முனைகள் 12 இருந்தாலும் 22 இருந்தாலும், ஒன்று செலுத்தும் மின்சாரம் அடுத்ததன் எல்லைக்குள் பரவத்தான் செய்யும். அப்போது முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட நுண்ணிய வேறுபாடுகள்தான்.

எல்லா இலக்கணமும் இவ்வளவு கடினமாக ஒளிந்திருப்பதில்லை. அண்மையில் ஒரு பயிற்சி அறையில் பார்த்தது: நாலரை வயதுச் சிறுமி, தரையில் கிழிந்த தாள். ‘என்னம்மா ஆச்சு?’ என்று கேட்டதற்கு ‘பேப்பர் கிழி’ என்றாள். ‘கிழிஞ்சுதா?’ தலையாட்டினாள். ‘நீ கிழிச்சியா?’ அதற்கும் அதே தலையாட்டல். அவளுடைய அறிக்கையில் பேப்பர், கிழி இரண்டுக்கும் டிக் விழுந்திருந்தது. தானாகக் கிழிந்ததா, அவள் கிழித்தாளா என்ற வேறுபாடு ‘ஞ்ச’வுக்கும் ‘ச்ச’வுக்கும் இடையில் இருக்கிறது. உடைஞ்சுது, உடைச்சான், நனைஞ்சுது, நனைச்சான், மறைஞ்சுது, மறைச்சான். வீட்டில் திட்டு வாங்கும் வயதில் ஒரு குழந்தைக்கு இதைவிட அவசரமான இலக்கணம் உண்டா என்று தெரியவில்லை. ஒருபக்கம் மெல்லினத்தின் முனகல், மறுபக்கம் வல்லின இரட்டிப்பின் கணநேர அமைதி. ஒலியின் நேர ஓட்டத்தைச் சார்ந்த இத்தகைய வேறுபாட்டை இம்ப்ளான்ட் நன்றாகவே கடத்துகிறது. குறில் நெடில் வேறுபாடும் அப்படியே. கேட்கக்கூடியதைக்கூட நாம் கேட்கவைப்பதில்லை என்பதால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

எந்த விகுதி காதில் விழுகிறது என்ற கேள்வியைப் பிற மொழிகளில் இருபது ஆண்டுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். காது கேட்கும் ஆங்கிலக் குழந்தைகள் பன்மை விகுதியை முதலிலும் ‘இஸ்’ போன்ற இணைப்பு வினையைப் பிறகும் கற்கிறார்கள். இம்ப்ளான்ட் குழந்தைகளிடம் இந்த வரிசை தலைகீழாக இருந்ததை மாரியோ ஸ்விர்ஸ்கியின் குழு 2002-இல் காட்டியது. காதுக்கு எது எடுப்பாகக் கேட்கிறதோ அது முதலில் வருகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஜெர்மன் மொழியில் அழுத்தமின்றி ஒலிக்கும் சுட்டிடைச் சொற்களில் இந்தக் குழந்தைகள் தடுமாறுவதை கிசெலா ஸாகுன் பதிவு செய்தார். தமிழில் எது எடுப்பு, எது மங்கல் என்ற வரைபடத்தை நமக்காக யாரும் போட்டுத் தரப்போவதில்லை.

பயிற்சியில் எந்தத் தமிழ் என்ற பழைய வழக்கும் இங்கே வந்து சேருகிறது. ‘நாய் ஓடுகிறது, அம்மா சமைக்கிறாள்’ என்று அட்டையைக் காட்டிச் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள் இன்னும் பலர். அப்படிப் பழகிய குழந்தை தெருவில் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசுகிறது. மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்கும் மொழியை வீட்டில் யாரும் பேசுவதில்லை என்பது. ஆனாலும் எழுத்து வழக்கை அடியோடு ஒதுக்கிவிட நான் சொல்லமாட்டேன். வந்தான், வந்தாள் என்று முடிவெழுத்தை முழுதாக ஒலித்தால் மங்கலான விகுதி எடுப்பாகிறது. இரண்டு மூன்று முறை அப்படிக் காதில் போட்டுவிட்டு, அதே அமர்விலேயே பேச்சு வழக்குக்குத் திரும்பிவிட வேண்டும். எழுத்து வழக்கு ஒரு பாலம்; பாலத்தில் குடித்தனம் நடத்தக் கூடாது.

ழகரத்துக்காக மாதக்கணக்கில் நாக்கை மடிக்கச் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. காது நன்றாகக் கேட்கும் பெரியவர்களில் பலரே ‘வாளப்பளம்’ சாப்பிடுகிற நாட்டில், செவி வயது மூன்றே ஆன குழந்தையிடம் அதைக் கேட்பது அநியாயம். அந்த நேரத்தை ‘-க்கு’, ‘-ட்ட’, ‘-ல’வுக்குக் கொடுக்கலாம்.

சிறு வயதில் பொருத்துவதன் பலனை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை நடக்கிறது; ஏழை வீட்டுக் குழந்தைக்கும் மிஷின் கிடைக்கிறது. ஆனால் 2010-இல் நிபார்கோவும் சகாக்களும் 188 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பொருத்திய வயதோடு பெற்றோரும் குழந்தையும் பேசிப் பழகும் விதமும் மொழி வளர்ச்சியோடு தொடர்புடையதாக இருந்தது. அதே ஆய்வுத் திட்டத்திலிருந்து 2013-இல் க்விட்னர் குழு எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது: தாய் குழந்தையின் போக்கறிந்து பதிலளிப்பது மொழி வளர்ச்சியில் காட்டிய தாக்கம், பொருத்திய வயதின் தாக்கத்துக்கு ஈடாக இருந்தது. வயதை நாம் மாற்ற முடியாது. பாப்பா சொன்ன ‘பேப்பர் கிழி’க்கு, ‘ஆமா, கிழிஞ்சுபோச்சு! யாரு கிழிச்சா? நீதானே கிழிச்சே?’ என்று பதில் சொல்ல அம்மாவுக்கு ஒரே அமர்வில் கற்றுத்தர முடியும். இப்போது வீட்டுப்பாடம் என்று நாம் கொடுத்தனுப்புவது படச் சார்ட். அதை வைத்துக்கொண்டு தாய் செய்யக்கூடியது ஒன்றுதான்: ‘இது என்ன? இது என்ன?’ என்று பரீட்சை வைப்பது.

அறிக்கைப் படிவத்தில் சில வரிகள் கூடினால் போதும். குழந்தை தானாகப் பேசிய ஐம்பது கூற்றுகள். அவற்றில் வினை எத்தனை, வினையில் விகுதி எத்தனை. வேற்றுமை உருபு எவையெவை வந்தன, எவை வரவேண்டிய இடத்தில் விடுபட்டன. எழுதி எடுக்க நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தாலும் சொற்பட்டியலைவிடப் பயன்படும். கருவியின் மின் அளவுகளைச் சரிசெய்யும் (மேப்பிங்) ஆடியாலஜிஸ்டுக்கும் அதில் சேதி உண்டு: ‘வந்தான்’, ‘வந்தா’ இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன என்றால் அது பயிற்சியின் பிரச்சினையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

வாசகர்கள் தங்களிடம் வரும் குழந்தைகளின் இத்தகைய பதிவுகளைப் பெற்றோரின் எழுத்து ஒப்புதலோடு, பெயரும் ஊரும் நீக்கி, எங்களுக்கு அனுப்பலாம். செவி வயதும் கருவியின் வகையும் குறித்திருக்க வேண்டும். கோவை, நெல்லை, மதுரை வழக்குகளில் விகுதிகள் ஒலிக்கும் விதம் வேறுபடுவதால் எந்த வட்டாரப் பேச்சு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நன்றாகப் பேசும் குழந்தைகளின் பதிவுகளை மட்டும் பொறுக்கி அனுப்ப வேண்டாம்.