பௌர்ணமி பார்த்து பச்சை குத்து!

என்ன மாப்ளே, முன்கையில ஓம் போடறதா, சிங்கம் போடறதான்னு வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்புல பட்டிமன்றமே நடக்குதாமே? டிசைனை அப்புறம் பார்க்கலாம். முதல்ல தேதியைப் பாருங்க.

டாட்டூ போட ரெண்டு மணி நேரம் போதும். மேல்தோல் ஆற 2 முதல் 3 வாரம் ஆகும். உள்ளே முழுசா ஆற இன்னும் சில மாதங்கள். ஊசி ஒண்ணு, ரெண்டு மில்லிமீட்டர் இறங்கி உள்தோல்ல மையை விடுது. அந்த மையை விழுங்கிப் பிடிச்சு வச்சிருக்கறது நம்ம எதிர்ப்பு சக்தி செல்கள்தான். அது செத்தா, சிந்துற மையைப் புது செல் எடுத்துக்குதுன்னு 2018-ல பிரெஞ்சு விஞ்ஞானிகள் எலிகள்ல கண்டுபிடிச்சாங்க. ஆக, உடம்பைப் பொறுத்தவரை டாட்டூங்கறது படம் இல்லை பாஸ், புண்!

இப்ப நம்ம ஊர் கணக்குக்கு வருவோம். பௌர்ணமின்னா 14 கிலோமீட்டர் கிரிவலம். வேர்வை, புழுதி, கூட்டத்துல உரசல்... மூணும் புதுப் புண்ணுக்கு எதிரி. அதனால பௌர்ணமி முடிஞ்ச கையோட போட்டுக்கோங்க. அடுத்த பௌர்ணமிக்கு 4 வாரம் இருக்கு. அதுக்குள்ள மேல்தோல் ஆறிடும். தீபத் திருவிழா நெருங்குதுன்னா, அது முடியட்டும்.

தினமும் 2, 3 தடவை கையைக் கழுவிட்டு, வாசனை இல்லாத சோப்பால மெதுவா அலசுங்க. சுத்தமான துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. வாசனை இல்லாத க்ரீமை மெல்லிசாத் தடவினா போதும். பொருக்கு கட்டி அரிக்கும். சொறிஞ்சா பொருக்கோட டிசைனும் போகும்! கிணறு, ஏரிக் குளியல் 3 வாரத்துக்குக் கட். வெயில்ல போனா தளர்வான பருத்திச் சட்டையால மூடிக்கோங்க.

"மஞ்சள் வைடா, ஆறிடும்"னு பாட்டி சொல்வாங்க. பாட்டி கையில இருக்கற பச்சை மஞ்சளோட ஆறியிருக்கலாம். ஆனா கடை மஞ்சள்தூள்ல என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? விபூதியும் வேண்டாம்.

செவப்பு பரவுது, சீழ் வருது, காய்ச்சல் அடிக்குதுன்னா மெடிக்கல் ஷாப்ல மாத்திரை கேட்டு நிக்காதீங்க. அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம்ம ஊர்லயே இருக்கு. "வீட்டுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க"ன்னு முழுக்கைச் சட்டைக்குள்ள மறைச்சு வச்சா, புண்தான் முத்தும். திட்டு ஒரு நாள்ல போயிடும்.

இன்னும் ரெண்டு விஷயம். திருவிழாக் கடையில ஒரே ஊசியால பத்து பேருக்குக் குத்தினா, ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் கூடவே வரலாம். புது ஊசி பாக்கெட்டை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. இந்த பயத்தாலதான் டாட்டூ போட்டா 12 மாசம் ரத்த தானம் பண்ண முடியாது. காலேஜ் கேம்ப்ல பேர் குடுக்கறவங்க ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்புறம், மிலிட்டரி கனவோட காலையில ஓடற தம்பிகளே! ராணுவத்துலயும் துணை ராணுவத்துலயும் முன்கையின் உள்பக்கம் மாதிரி சில இடங்கள்ல இருக்கற டாட்டூவுக்குத்தான் அனுமதி. துணை ராணுவத்துல சைஸுக்கும் கணக்கு உண்டு. கழுத்துல சிங்கம் போட்டுட்டு செலக்‌ஷன்ல நின்னா, சிங்கம் மட்டும்தான் மிஞ்சும்.

காலண்டரைப் பாருங்க, கடையைப் பாருங்க, அப்புறமா கையை நீட்டுங்க!