நைல் டெல்டாவை முதலில் காப்பாற்றுங்கள்

ரொசெட்டா கல்லை எகிப்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. 1802 முதல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல் ஊர் திரும்புவதுதான் முறை. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் கல்லுக்காகக் குரல் கொடுப்பவர்களில் எத்தனை பேர் அது கிடைத்த மண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்?

1799 ஜூலையில், நைலின் மேற்குக் கிளை கடலில் கலக்கும் ரஷீத் (ரொசெட்டா) ஊருக்கு அருகே, பழைய கோட்டையைச் செப்பனிட்ட பிரெஞ்சுப் படையினர் கையில் அது அகப்பட்டது. சாயிஸ் நகரத்துக் கோயிலில் நின்றதாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. அரசாணை பொறித்த கல், பிற்காலத்தில் கோட்டைக்குக் கட்டுமானக் கல்லாகிவிட்டது. டெல்டா முழுக்க வண்டல் மண். நல்ல கல் வேண்டுமென்றால் தெற்கிலிருந்து ஆற்றுவழியாகத்தான் வர வேண்டும். ஆகவே பழைய கோயில்களைப் பிரித்தே புதிய கட்டடங்கள் எழுந்தன.

பாபிரஸ் ஏடுகளின் கதை இன்னும் சோகமானது. ஏடு செய்ய உதவிய பாபிரஸ் கோரை செழித்து வளர்ந்தது டெல்டாவின் சதுப்பு நிலங்களில். நமக்குக் கிடைத்திருக்கும் ஏடுகளோ பெரும்பாலும் தெற்கே, வறண்ட மணல் காத்துக் கொடுத்தவை. டெல்டாவின் ஈரத்தில் ஏடுகள் மக்கிப்போயின. டானிஸ் நகரில் சில ஏடுகள் தப்பியதற்குக் காரணம், அவை தீயில் கருகியிருந்ததே.

அதே டானிஸில்தான் 1866இல் ஜெர்மானிய அறிஞர் லெப்சியுஸ் கனோபஸ் ஆணையைக் கண்டெடுத்தார். ரொசெட்டா கல்லின் மேற்பகுதி உடைந்தது, இதுவோ முழுமையானது. சித்திர எழுத்து, டெமாட்டிக், கிரேக்கம் என மூன்று வடிவிலும் ஒரே செய்தி. 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய முறை சரிதானா என்று சந்தேகித்தவர்களுக்கு இந்தக் கல் பதில் சொன்னது.

ஆணையின் காலம் கி.மு. 238, மூன்றாம் தாலமியின் ஆட்சி. எகிப்தெங்குமிருந்து வந்து கூடிய பூசாரிகள் இயற்றியது. ஓராண்டு நைலில் வெள்ளம் போதவில்லை. அரசர் வரியைத் தள்ளுபடி செய்து, சிரியா, பினீசியா, சைப்ரஸ் பகுதிகளிலிருந்து அதிக விலைக்குத் தானியம் வாங்கினார் என்கிறது. குழந்தையாகவே இறந்துபோன இளவரசி பெரெனிகேவுக்கு வழிபாடு ஏற்படுத்துகிறது. ஆண்டுக்கு 365 நாள் என்றே கணக்கிட்டால் குளிர்காலத் திருவிழா கோடையில் வந்து விழும், எனவே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாளைக் கூட்ட வேண்டும் என்றும் விதிக்கிறது. யாரும் அதைப் பின்பற்றவில்லை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில்தான் அந்த ஏற்பாடு எகிப்தில் நிலைத்தது. பஞ்சம், வரி, ஒரு குழந்தையின் சாவு, நாட்காட்டி என அத்தனையும் ஒரே கல்லில்!

இந்த ஆணையின் இன்னொரு முழுப் பிரதி 2025இல் டெல்டாவின் ஷர்கியா மாகாணத்தில் கிடைத்தது. அதில் சித்திர எழுத்து மட்டுமே உள்ளது. மண்ணுக்குள் இன்னும் சரக்கு இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்த மண்ணே குறைந்துகொண்டு வருகிறது. கி.மு. 664 முதல் 525 வரை எகிப்தின் தலைநகராக இருந்தது சாயிஸ். 1828இல் ஷாம்போலியோன் அங்கே போனபோது பிரம்மாண்டமான மண்செங்கல் மதில்கள் நின்றன. அவற்றை வரைந்தும் வைத்தார். பிறகு அந்தச் செங்கலை விவசாயிகள் உரத்துக்காக வெட்டிக்கொண்டு போனார்கள். செபாக் என்று அதற்குப் பெயர். பழைய ஊர்கள் புதைந்த பிற மேடுகளில் அதை அள்ள ரயில் பாதையே போட்டதுண்டு. வயலுக்கு உரம் தேடிய ஏழை விவசாயியைக் குறை சொல்ல முடியாது. தடுத்திருக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை. இன்று சாயிஸில் மிஞ்சியிருப்பது பெரிய பள்ளமும் கிராமத்து வீடுகளும்தான்.

1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் வண்டல் வரத்து நின்றது. ரஷீத் கரையைக் கடல் அரித்தது. வீடுகளும் வயல்களும் பழைய மேடுகளை நெருக்குகின்றன. நிலத்தடி நீரும் உப்பும் புதைந்த சுவர்களைத் தின்கின்றன. பிரமிடுகள் அடுத்த நூற்றாண்டு வரை காத்திருக்கும். டெல்டா மேடுகளுக்கு அந்த அவகாசம் கிடையாது.

எகிப்து அரசு அகழாய்வுப் பணத்தில் டெல்டாவுக்கு முதலிடம் தர வேண்டும். இந்த மண்ணின் கல்லையும் ஏட்டையும் வைத்துப் பெயர் வாங்கிய ஐரோப்பிய அருங்காட்சியகங்கள், அந்தச் செலவில் பெரும்பங்கை ஏற்க வேண்டும்.