யாருடைய பாதுகாப்புக்கு இந்த ஆராய்ச்சி?

2023இல் நம் கைப்பேசிகள் திடீரென அலறியது நினைவிருக்கும். பேரிடர்க் காலத்தில் மக்களை எச்சரிக்க மத்திய அரசின் சி-டாட் நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பத்தின் சோதனை அது. அம்பகரத்தூரில் எங்கள் வீட்டில் அம்மா பயந்துபோய் போனைத் திண்ணையில் வைத்துவிட்டார்.

"ஏ புள்ள, இது எதுக்கு இப்படிக் கத்துது?"

"புயல், வெள்ளம் வந்தா முன்கூட்டியே சொல்லும்மா."

"சொல்லட்டும். சொன்னா நாம எங்க போறது?"

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் என்னிடம் அதற்குப் பதில் இல்லை. எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயல் தண்ணீர் முதலில் ஏறுவது இங்கேதான். எப்போதோ கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டின் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழை வருவதைச் சொல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அந்த மழையில் இந்தக் கூரை நிற்குமா என்று யாரும் ஆராயவில்லை.

காவல், கண்காணிப்பு, எல்லை, பேரிடர் எனப் பொதுமக்களின் பாதுகாப்பு பற்றிய ஆராய்ச்சிக்கு உலகெங்கும் அரசுகள் பணம் ஒதுக்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் 2027 வரை இதற்கெனத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. மதிப்பு சுமார் 160 கோடி யூரோ. அங்கேயும் கேள்வி இருக்கிறது. எல்லைக்கு வரும் பயணி பொய் சொல்கிறாரா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் 'ஐபார்டர்கன்ட்ரோல்' திட்டத்துக்கு முந்தைய நிதிச் சுற்றில் சுமார் 45 லட்சம் யூரோ போனது. அதன் ஆவணங்களை வெளியிடக் கோரி ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

இந்தியாவில் இந்தப் பணம் ஒரே பெயரில் இல்லை, சிதறிக் கிடக்கிறது. அது போகும் திசை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. பெண்களின் பாதுகாப்புக்காக 2013இல் தொடங்கிய நிர்பயா நிதியிலிருந்து எட்டு நகரங்களுக்குப் 'பாதுகாப்பான நகரம்' திட்டம் 2018இல் ஒப்புதல் பெற்றது. சென்னையின் பங்கு சுமார் 425 கோடி ரூபாய். அதில் கேமராக்களுக்கும் கண்காணிப்பு மையங்களுக்கும் பெரிய இடம். 2021இல் தமிழ்நாடு காவல்துறை முக அடையாள மென்பொருளைக் கொண்டுவந்தது. உருவாக்கியது அரசின் சி-டாக் நிறுவனம். 2024 மே மாதம் அதன் தரவுகள் கசிந்தன.

அந்த மென்பொருள் ஒரு முகத்தை எதோடு ஒப்பிடுகிறது? காவல்துறை ஏற்கெனவே சேர்த்துவைத்த படங்களோடு. அந்தப் படங்கள் எப்படிச் சேர்ந்தன? 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். சிறைக் கணக்கிலோ ஐந்தில் ஒருவருக்கும் மேல். யாரை அதிகம் பிடித்தார்களோ, அவர்கள் முகத்தையே இயந்திரமும் அதிகம் தேடும். பழைய சந்தேகம் இப்போது மென்பொருளாகியிருக்கிறது.

வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. தடய அறிவியல் வந்தது. பாதிக்கப்பட்ட மக்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள், சிறுவர்களையும் விடவில்லை. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, அதே சமூகத்தைச் சேர்ந்த மூவர்மீது குற்றம் சாட்டியது. கருவி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அதைக் கையில் வைத்திருப்பவர்தான் முடிவு செய்கிறார்.

இதனால் நான் தொழில்நுட்பத்துக்கே எதிரி என்று நினைக்க வேண்டாம். கோகுல்ராஜ் வழக்கில் திருச்செங்கோடு கோயிலின் கேமராப் பதிவு முக்கியச் சாட்சி. மனிதச் சாட்சிகள் பிறழ்ந்தபோது அது பிறழவில்லை. 2022இல் தண்டனை கிடைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கேமரா நமக்காகவும் பேசும். ஆனால் அந்தக் கேமரா கோகுல்ராஜைக் காப்பாற்ற வைக்கப்பட்டதல்ல. தற்செயலாக அங்கே இருந்தது. நம் நீதி தற்செயலை நம்பியிருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

கேள்வி கீழிருந்து வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கின்படி, 2019 முதல் 2023 வரை சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கி இறந்தவர்கள் 377 பேர். இறந்தவர்களின் சாதியை நான் சொல்லத் தேவையில்லை. கேரள இளைஞர்கள் 'பேண்டிகூட்' எந்திரத்தை உருவாக்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 'ஹோமோசெப்' உருவானது. அதைக் களத்துக்குக் கொண்டுசெல்ல சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உதவியது. மனிதர் இறங்காமல் தொட்டியைச் சுத்தம் செய்ய முடியும் என்று இவை காட்டிவிட்டன. ஆனால் ஹோமோசெப்புக்குக் கைகொடுத்தது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. தெருவைக் கண்காணிக்க நூற்றுக்கணக்கான கோடி பொதுப்பணம். தொட்டிக்குள் சாகாமல் காக்க நன்கொடை!

எங்கள் கடற்கரை இதை 2004இலேயே பார்த்தது. டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகையில் சடலங்களை அகற்ற வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் அழைத்துவரப்பட்டனர். பலருக்குக் கையுறைகூட இல்லை. நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 2007இல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் வந்தது. நல்லது, அவசியம். ஆனால் முகாமில் சாதி பார்ப்பதைத் தடுக்கும் வழியை ஆராய எந்த மையமும் வரவில்லை. அலையைப் பேரிடராகப் பார்க்கும் கொள்கை, சாதியை அப்படிப் பார்க்கவில்லை.

2023இல் நாடாளுமன்றம் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது இலக்கு. ஆட்சிக் குழுவின் தலைவர் பிரதமர். இந்த நிதியிலிருந்து மூன்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஒன்று, வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன்படி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அந்தப் பகுதிகளில் உயிரையும் வீட்டையும் தண்ணீரையும் காப்பது எப்படி என்பது ஆராய்ச்சித் தலைப்பாக வேண்டும்.

இரண்டு, அதே சட்டத்தின் 15ஏ பிரிவு, வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. கேமராவுக்குப் பணம் இருக்கிறதென்றால் முதல் கேமரா அங்கே போகட்டும்.

மூன்று, எந்தப் பாதுகாப்புக் கருவிக்கும் நிதி தருமுன், அதனால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் அமரும் குழு அதை ஆராய வேண்டும். கையெழுத்துக்கு ஒரு பிரதிநிதி போதாது. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு வேண்டும்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. நிதி எங்கே கிடைக்கிறதோ, அங்கே நம் தலைப்பைத் திருப்பிக்கொள்கிறோம். நானும் திருப்பியவள்தான். 'கண்காணிப்பு' என்று எழுதினால் திறக்கும் கதவு, 'தொகுப்பு வீட்டின் கூரை' என்று எழுதினால் திறப்பதில்லை.

இந்த ஐப்பசியிலும் போன் அலறலாம். அம்மா அதே கேள்வியைக் கேட்பார். எங்க போறது? பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்தக் கேள்விக்குத்தான்.