கருவி மாண்டது, கலைஞன் மாள்வானா?

தோழா!

"வலைப்பக்கம் வடிவமைக்கும் தொழிலா? அது முடிந்த கதை! நாலு வரி கட்டளையிட்டால் நொடியிலே பக்கம் பக்கமாகப் பின்னித் தருகிறதே எந்திரம்! இனி எவன் அதற்கென்று ஓர் ஆளை அமர்த்திக் கூலி கொடுப்பான்?" - இப்படிப் பேசுகிறார்கள். தேநீர்க் கடையிலே பேசுகிறார்கள், தொலைக்காட்சியிலே பேசுகிறார்கள், மகனைக் கணினிப் படிப்பிலே சேர்த்துவிட்டு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் தந்தையின் காதிலே விழும்படியே பேசுகிறார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, பேச்சுக்கு வரியா போட்டிருக்கிறார்கள்! கேட்கின்ற தந்தையின் நெஞ்சிலேயன்றோ இடி விழுகிறது!

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "மூன்றே மாதம்! முழுத் தேர்ச்சி! வேலை உறுதி!" என்று மின்கம்பந்தோறும் தட்டி கட்டும் கூட்டம். முன்னவர் ஒப்பாரி வைக்கிறார். பின்னவர் தாலாட்டுப் பாடுகிறார். ஒப்பாரியைக் கேட்டு ஒடிந்து விழவும் வேண்டாம், தாலாட்டைக் கேட்டுத் தூங்கிவிடவும் வேண்டாம். இந்தத் தொழில் எப்படிப் பிறந்தது, எத்தனை முறை "செத்தது", ஒவ்வொரு முறையும் யார் பிழைத்தார், யார் வீழ்ந்தார் என்று பார்ப்போம், வா.

1989ஆம் ஆண்டு. ஜெனிவா நகரத்தை அடுத்த செர்ன் என்னும் ஆய்வுக்கூடம். அணுவின் உள்ளே புகுந்து ஆராயும் அறிஞர்கள் கூடும் அந்த இடத்திலே, டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், ஆய்வுக் குறிப்புகளை ஒன்றோடொன்று இணைக்க ஒரு வழி சொன்னார். 1991இல் முதல் பக்கம் உலகுக்குத் திறந்தது. எழுத்துக்கள், அடிக்கோடிட்ட இணைப்புச் சொற்கள், அவ்வளவுதான்! அலங்காரம் இல்லை, ஆடை அணி இல்லை. 1993 ஏப்ரல் 30இல், "இதற்கு உரிமைத் தொகை வேண்டாம், உலகம் எடுத்துக்கொள்ளட்டும்" என்று செர்ன் அறிவித்தது. காப்புரிமை என்று பூட்டுப் போட்டிருந்தால் இன்று உன் கைப்பேசியிலே ஒரு பக்கம் திறக்குமா என்று எண்ணிப் பார்!

வணிகம் உள்ளே வந்தது, வடிவமைப்பாளன் பிறந்தான். கணக்குப் பதிவேட்டுக்கென்று படைக்கப்பட்ட கட்டங்களை வைத்துக்கொண்டு பக்கத்தைக் கட்டினான். கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் ஒரு கட்டம், இடைவெளிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்துணுக்கு! 1996இல் சி.எஸ்.எஸ். என்னும் அலங்கார நெறி தரமாக அறிவிக்கப்பட்டது. பொருள் வேறு, ஒப்பனை வேறு என்று பிரித்தது அது. 1997இல் டிரீம்வீவர் வந்தது. "இனிக் குறிமுறை எழுதவே வேண்டாம், இழுத்துப் போட்டால் போதும், தொழில் தீர்ந்தது" என்று அன்றே ஒரு முறை சங்கு ஊதினார்கள். தொழில் தீரவில்லை.

ஆனால், தோழா, ஃபிளாஷின் கதை இருக்கிறதே, அதை நின்று பார்க்க வேண்டும்.

பெயரே மின்னல்! 1996இல் தோன்றி மேக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்கு வந்தது. பக்கத்தைத் திறந்தால் திரை விலகும், எழுத்துக்கள் பறந்து வரும், இசை முழங்கும், வண்ணம் பொழியும். "முன்காட்சியைத் தாண்டு" என்று மூலையிலே ஒரு பொத்தானும் இருக்கும். வந்தவர் எல்லாரும் முதலிலே தேடியது அந்தப் பொத்தானைத்தான் என்பது வேறு கதை! நாடகக்காரன் என்ற முறையிலே சொல்கிறேன், திரை தூக்கவே கால்மணி நேரமானால் முன்வரிசைக்காரர் எழுந்து போய்விடுவார். ஆனாலும் அந்நாளில் ஃபிளாஷ் அறிந்தவனுக்கு இருந்த மதிப்பு கொஞ்சமா? 2005இல் அடோபி நிறுவனம் மேக்ரோமீடியாவையே விலைக்கு வாங்கியது. அந்த ஆண்டு பிறந்த யூடியூப் படம் காட்டியதும் ஃபிளாஷ் வழியாகத்தான்.

2007இல் ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசி வந்தது. அதிலே ஃபிளாஷுக்கு இடமில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாகவே ஒரு மடல் தீட்டினார்: மின்கலத்தை உறிஞ்சுகிறது, பாதுகாப்பில் ஓட்டை, தொடுதிரைக்கு ஒத்துவராது, ஒரே நிறுவனத்தின் கைக்குள் அடங்கிய பொருள் என்று. மற்றவர் உடைமையைக் குறை கூறிய அவர் தம் உடைமையின் வாயிலை எவ்வளவு இறுகப் பூட்டி வைத்திருந்தார் என்று கேட்கத் தோன்றும், கேட்கலாம். ஆயினும் தீர்ப்பை எழுதியது அந்த மடல் மட்டுமன்று, கோடிக்கணக்கான கைகளிலே ஏறிய கைப்பேசி. 2017இல் அடோபி நாள் குறித்தது. 2020 டிசம்பர் 31 - ஃபிளாஷின் கடைசி நாள்.

மின்னல் வெட்டி மறைந்துவிட்டது. அதை நம்பி வாழ்ந்தவர்கள்? "எனக்கு ஃபிளாஷ் தெரியும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவன் தெருவிலே நின்றான். ஆனால் அசைவின் இலக்கணம் அறிந்தவன், எந்தக் கணத்தில் எது நகர்ந்தால் கண் அங்கே போகும் என்று கற்றவன், விளையாட்டு உருவாக்கத்துக்கும் அசைபடத்துக்கும் சென்றான். ஃபிளாஷுக்குள்ளே ஆக்ஷன்ஸ்கிரிப்ட் என்றொரு நிரல்மொழி இருந்தது; ஜாவாஸ்கிரிப்டுக்கு அது உடன்பிறந்த உறவு. அதை மனப்பாடமாக அன்றி மனத்தில் வாங்கிக் கற்றவன் ஜாவாஸ்கிரிப்டுக்கு எளிதிலே தாவினான். ஒரே பட்டறையில் ஒரே உளியைப் பிடித்திருந்த இருவர். உளி உடைந்தபோது ஒருவன் கையில் சிற்பம் மிஞ்சியது, மற்றவன் கையில் பிடி மிஞ்சியது.

ஜெனிவாவும் கலிபோர்னியாவும் தொலைவு என்கிறாயா? நம் தெருச் சுவரைப் பார்! கூட்டம் என்றால் சுண்ணாம்பு அடித்து, கயிற்றால் கோடு தட்டி, ஆளுயர எழுத்தைப் பிசிறின்றி இழுத்த கைகள் எத்தனை! தூரிகையைத் தொட்டு ஒரே இழுப்பில் "ழ"கரத்தைச் சுழித்த கலைஞர்கள் எத்தனை பேர்! ஃபிளெக்ஸ் எந்திரம் வந்தது. ஓரிரவில் நூறு பதாகை! எல்லாக் கட்சிகளும், எல்லாக் கடைகளும், கலியாண வீடும் காதணி விழாவும் அதன் வாயிலிலே வரிசையில் நின்றன. தூரிகைக்காரர்களிலே பலர் கொத்து வேலைக்கும் காவல் வேலைக்கும் போனார்கள். சிலர் கணினி முன் அமர்ந்து அதே பதாகைக்கு வடிவம் வரையக் கற்றார்கள். அவர்களுடைய பதாகையை இன்றும் தனியே கண்டுபிடித்துவிடலாம்: எழுத்துக்கு மூச்சுவிட இடம் இருக்கும்! கற்றுக்கொள்ள நேரமும் வாய்ப்பும் வாய்த்தவர் அந்தச் சிலர். வாய்க்காதவரை "சோம்பேறி" என்று ஏசுபவர் யாராயினும், அவர்மீது எனக்கு மரியாதை இல்லை.

சரி, இன்றைய புயலுக்கு வருவோம். 2010 மே திங்களில் ஈத்தன் மார்காட் என்பவர், திரையின் அகலத்துக்கேற்ப வளைந்து கொடுக்கும் பக்கம் அமைக்கும் முறையை எழுதினார். பலரும் பழைய பாடத்தைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாகப் படித்தனர். 2003இல் பிறந்த வேர்டுபிரஸ், இன்று உலகின் இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேலானவற்றைத் தாங்கி நிற்கிறது. ஆயத்த ஆடைபோல ஆயத்த வடிவம். பின்னர், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி. சொன்னதைக் கேட்டு நிரல் எழுதும் எந்திரம்.

இந்த எந்திரம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது செய்கிறது. ஒரு கடைக்கு ஐந்து பக்கம், ஒரு பள்ளிக்கு ஏழு பக்கம், நடுவே ஒரு படம், கீழே ஒரு முகவரி என்ற வேலையை அது நன்றாகவே செய்கிறது. அந்த வேலையை மட்டுமே கற்றுத் தருகிறவனிடம் நீ பணம் கட்டினால், ஃபிளெக்ஸ் எந்திரத்தின் எதிரே தூரிகை விற்பவனிடம் பணம் கட்டுகிறாய். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, 2023 முதல் 2033 வரை வலைப்பக்கத் தொழிலில் வேலைகள் 8 விழுக்காடு வளரும், எல்லாத் தொழில்களின் சராசரி 4 விழுக்காடுதான் என்று கணித்தது. நல்ல செய்திதான்! ஆனால் அது அமெரிக்காவுக்கான கணிப்பு. ஆரணிக்கும் அருப்புக்கோட்டைக்கும் எழுதிய சாசனம் அன்று.

பின் எதைக் கற்பது? தமிழையே எடுத்துக்கொள். 1990களிலே இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வோர் இதழுக்கும் ஒவ்வோர் எழுத்துரு, அதை இறக்கிப் பதித்தாலன்றித் திரையிலே தெரிவது கிறுக்கல். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியே விசைப்பலகைக்கு ஓர் ஒழுங்கு வந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. எழுத்து வந்து சேர்ந்துவிட்டது. வடிவம் இன்னும் வந்து சேரவில்லை! ஆங்கிலத்துக்கென்று வகுத்த வரி இடைவெளியிலே தமிழை அடைக்கிறார்கள். மேல்வரியின் "கு"கரச் சுழியும் கீழ்வரியின் "கீ"காரக் கொக்கியும் முட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் "லாகின்" என்று ஐந்தெழுத்தில் அடங்கிய பொத்தானில் "உள்நுழைக" என்று எழுதினால் சொல் பிதுங்குகிறது. "விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்கு" என்ற ஒரே சொல், மலிவான கைப்பேசியின் ஒடுங்கிய திரையிலே மடங்க இடமின்றி ஓரத்தை உடைத்துக்கொண்டு ஓடுகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடும் நம் எழுத்துக்கு இல்லை. ஆகவே ஆங்கிலத் தலைப்பை எடுப்பாக்கும் வித்தை இங்கே எடுபடாது. எடையாலும் அளவாலும் இடைவெளியாலுமே எடுப்பாக்க வேண்டும். இதையெல்லாம் எந்திரம் அறியாதா என்றால், அறிந்தவன் பக்கத்தில் நின்று கேட்டால் செய்யும். அறியாதவன் கேட்டால் ஆங்கிலச் சட்டையை அப்படியே மாட்டி அனுப்பும்.

இதைவிடப் பெரிதொன்று இருக்கிறது. பார்வையற்றவர் வலைப்பக்கத்தை எப்படிப் படிக்கிறார், அறிவாயா? திரையில் உள்ளதைக் குரலாக்கும் மென்பொருள் வழியே. படத்துக்கு விளக்கச் சொல் இல்லையென்றால் அது ஊமை. பொத்தானுக்குப் பெயர் இல்லையென்றால் "பொத்தான், பொத்தான்" என்று மட்டும் கூவும். அரசாணையைத் தாளிலிருந்து படமெடுத்து ஏற்றிவிட்டால், அதிலே எழுத்து இருப்பதே அவருக்குத் தெரியாது. வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு 2025இல் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தது, 94.8 விழுக்காட்டில் இத்தகைய குறை! அவற்றில் முதலிடம், பின்னணியோடு கலந்து மங்கிப்போன எழுத்துக்கு. அழகென்று எண்ணி வெளிர் சாம்பலிலே எழுதுகிறார்களே, அதுதான். பார்வை உள்ளவரின் பாட்டியாலும் அதைப் படிக்க முடியாது.

சட்டம் இதற்குள்ளே வந்துவிட்டது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசு இணையதளங்களுக்கு 2009இலேயே வழிகாட்டு நெறி வகுத்தார்கள். 2023இல் அதன் மூன்றாம் பதிப்பும் வந்தது. 2025 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. அமிலவீச்சுக்கு ஆளாகி முகமும் கண்ணும் சிதைந்தவரிடம் "கண்ணைச் சிமிட்டு, உயிரோடிருப்பதை மெய்ப்பி" என்று கேட்டதாம் வங்கிக் கணக்குக்கான இணைய முறை! எண்ணிமச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் வணிகத் தளங்களுக்கும் இத்தகைய சட்டம் நடப்புக்கு வந்தது. நம் ஊரிலிருந்து அங்குள்ள வணிகர்க்கு வேலை செய்து தருவோருக்கு இந்தத் தேதி சோற்றோடு தொடர்புடையது. எத்தனை பயிற்சிக் கூடங்களில் இதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள்? கேட்டுப் பார்!

பட்டம் இல்லையே என்று கலங்குவோருக்கு ஒரு சொல். கல்லூரிப் படியைக் கடைசிவரை ஏறாதவன்தான் நானும். பள்ளியிறுதி முடித்தவர்களைப் பட்டமின்றியே சேர்த்து, உதவித்தொகை தந்து பழக்கி, வேலையும் தருகிற முறையை சோஹோ நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடத்திவருகிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலேயே அதன் பணிமனை இருக்கிறது. ஒரு வீட்டின் கதவு திறந்ததால் ஊரெல்லாம் திறந்துவிட்டது என்று பொருளில்லை. ஆயினும் திறக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அரசின் பயிற்சித் திட்டங்களும் மூன்று மாத மென்பொருள் பயிற்சியோடு நின்றுவிடாமல், தமிழ் எழுத்தமைப்பையும் மாற்றுத்திறனாளிக்கான நெறியையும் பாடமாக்க வேண்டும். அரசுத் தளங்களின் ஒப்பந்தங்களிலே "இந்தச் சோதனையில் தேறினால்தான் பணம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், ஆயிரம் இளைஞருக்கு வேலை பிறக்கும். கேட்க வேண்டிய இடத்திலே கேட்போம்.

கூலியைப் பற்றியும் கொஞ்சம். தனியாய் வேலை எடுத்துச் செய்கிறவனே, எழுத்திலே ஒப்பந்தம் இல்லாமல் கணினியைத் திறக்காதே. முன்பணம் வாங்கு. எத்தனை முறை திருத்தம் என்று முன்பே எழுது. இல்லாவிட்டால் "அந்த நீலத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள் தம்பி" என்ற ஒரே வரி உன் ஆறு மாதத்தைத் தின்றுவிடும். அதே நேரம், வாடிக்கையாளரின் தளப்பெயரை உன் பெயரிலே பதிந்துகொண்டு, பின்னாளில் பிடிப்பணம் கேட்பவர்களோடு சேராதே. பெயர் அவர் பெயரில், உழைப்பின் விலை உன் கையில்.

இந்த ஞாயிறே ஒரு வேலை செய். உன் ஊர் நகராட்சியின் பக்கத்தை, வீட்டிலுள்ள மிக மலிவான கைப்பேசியிலே திற. எழுத்தை இருமடங்காகப் பெரிதாக்கு. பிறகு டாக்பேக் என்னும் குரல்வசதியை இயக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டு வரி கட்டும் இடத்தைத் தேடு. எங்கெங்கே முட்டிக்கொண்டாய், எது பிதுங்கியது, எது ஊமையாய் நின்றது என்று ஒரு தாளில் குறி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, நீயானால் எப்படித் திருத்துவாய் என்று எழுது. வேலை கேட்கப் போகும்போது சான்றிதழோடு அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போ. நகல் ஒன்றை நகராட்சி ஆணையருக்கும் அனுப்பு.