பறக்கும் ராட்சஸனும் நம்ம பாட்டனும்!

குகை வாசல்ல ஈட்டியோட ஒரு ஆதி மனுஷன். தலைக்கு மேல, தோல் இறக்கையை விரிச்சு வட்டமடிக்கிற ஒரு ராட்சஸ ஜந்து. இந்த ஸீனை சினிமாவிலோ கார்ட்டூன்லயோ கட்டாயம் பார்த்திருப்பீங்க. 1966-ல வந்த 'ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.' படத்துல ஹீரோயின் ராக்கேல் வெல்ச்சையே அப்படி ஒண்ணு அலேக்கா தூக்கிட்டுப் போகும்!

நிஜத்துல இப்படி நடந்திருக்குமா பாஸ்? நம்ம பாட்டனும் அந்த ஜந்துவும் ஒரே வானத்துக்குக் கீழே வாழ்ந்திருக்க முடியுமா?

முதல்ல ஆளை அறிமுகப்படுத்திடறேன். பேரு டெரோசார். டைனோசர் இல்லை, அதோட பங்காளி. பறவையும் இல்லை, வௌவாலும் இல்லை... ஊர்வன ஜாதி. கையில நாலாவது விரல் மட்டும் எக்கச்சக்கமா நீண்டு, அங்கிருந்து உடம்பு வரைக்கும் தோல் இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும். அதுதான் இறக்கை. சுமார் 22 கோடி வருஷத்துக்கு முன்னாடியே பறக்க ஆரம்பிச்ச இந்தக் கோஷ்டி, 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி மெக்ஸிகோ பக்கம் ஒரு விண்கல் வந்து மோதினப்போ, டைனோசர்களோட சேர்ந்து காலி!

இப்ப ஒரு சின்ன கணக்கு. அந்த 6.6 கோடி வருஷத்தை ஒரே ஒரு நாளா சுருக்குங்க. நள்ளிரவு 12 மணிக்கு விண்கல் விழுது, டெரோசார் அவுட். பொழுது விடியுது, மதியம் ஆகுது, சாயங்காலமும் ஆகுது... மனுஷன் வாசனையே இல்லை. ராத்திரி ஒன்பதரை மணி வாக்குலதான் மனுஷக் கிளையும் சிம்பன்ஸி கிளையும் பிரியுது. நம்மளை மாதிரி ஹோமோ சேப்பியன்ஸ் வந்து சேர்றப்போ மணி 11.53. விவசாயம் ஆரம்பிச்சது கடைசி 13 செகண்ட்ல! முதல் ஷோவுக்கு வந்தவனும் கடைசி ஷோவுக்கு வந்தவனும் தியேட்டர் வாசல்ல சந்திச்சிருக்க முடியுமா, சொல்லுங்க.

'சரிப்பா, ஒரு பேச்சுக்கு சந்திச்சிருந்தா?'னு கேட்கிறீங்களா? அதையும் பார்த்துடுவோம். 1971-ல அமெரிக்காவின் டெக்ஸாஸ்ல, பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் ஒரு ராட்சஸ இறக்கை எலும்பு கிடைச்சது. கண்டுபிடிச்ச டக்ளஸ் லாஸன் அப்ப நம்மளை மாதிரி ஒரு காலேஜ் ஸ்டூடன்ட்! அந்த ஜந்துவுக்கு வெச்ச பேரு க்வெட்ஸால்கோட்லஸ். இறக்கையை விரிச்சா சுமார் 35 அடி, கிட்டத்தட்ட நம்ம டவுன் பஸ் நீளம். தரையில நின்னா ஒட்டகச்சிவிங்கி உயரம். எடை 200 கிலோவுக்கு மேல இருக்கும்னு கணிக்கிறாங்க.

ஆனா, ஹீரோயினைத் தூக்குற வேலை மட்டும் நடக்காது. அதோட பாதம் நடக்கிறதுக்கு ஏத்த தட்டைப் பாதம். கழுகு மாதிரி கவ்விப் பிடிக்கிற பிடி அதுல கிடையாது. வயல்ல கொக்கு, நாரை நடந்து நடந்து கொத்துமே, அந்த ஸ்டைல்ல தரையில நடந்து சின்னப் பிராணிகளை விழுங்கியிருக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. ஸோ, ஈட்டியோட நிக்கிற பெரியவருக்கு ஆபத்து கம்மி. பக்கத்துல விளையாடற குட்டிப் பையனுக்குத்தான் கண்டம்.

'நேர்லயே பார்த்தோம்'னு சொன்னவங்களும் உண்டு. 1856-ல லண்டன் பத்திரிகை ஒண்ணுல, பிரான்ஸ்ல ரயில் சுரங்கம் தோண்டறப்போ பாறைக்குள்ளேர்ந்து உயிரோட ஒரு டெரோசார் வந்து, கத்திட்டுச் செத்துப் போச்சுன்னு செய்தி. அதுக்கு லத்தீன்ல வெச்ச பேருல 'அனாஸ்'னு ஒரு வார்த்தை. அர்த்தம்... வாத்து! பிரெஞ்சுல வாத்துக்கு உண்டான வார்த்தைக்கு 'புருடா'ன்னும் ஒரு அர்த்தம் உண்டு. எழுதின ஆளு பேருலயே குசும்பை வெச்சிருக்கார். 1890-ல அமெரிக்காவின் டூம்ஸ்டோன்ல ஒரு பத்திரிகை, 160 அடி இறக்கையோட ஒரு ஜந்துவை சுட்டுத் தள்ளினதா எழுதுச்சு. ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கே அவ்வளவு அகலம் கிடையாது சாமி!

இங்கே ஒரு புத்திசாலி கை தூக்குவார். 'சீலகாந்த்னு ஒரு மீன். டைனோசர் காலத்தோட அழிஞ்சதுன்னு நினைச்சாங்க. 1938-ல தென்னாப்பிரிக்கா கடல்ல உயிரோட சிக்கலையா?' நல்ல கேள்வி. ஆனா, அது ஆழ்கடல்ல ஒளிஞ்சுக்கிற மீன். வானத்துல ஒளிய இடம் ஏது? அதுவும் ஒண்ணே ஒண்ணு மட்டும் 6.6 கோடி வருஷம் உயிரோட இருக்க முடியாது. குடும்பம், குட்டினு தலைமுறை தலைமுறையா வாழ்ந்திருக்கணும். அப்படின்னா எலும்பு கிடைச்சிருக்கணும். இந்தப் பக்கத்துப் பாறைகள்ல அப்படி ஒரு எலும்புகூட கிடைக்கலை.

ஆக, அந்த சந்திப்பு நடக்கவே இல்லை. ஆனா, வானத்தைப் பார்த்து நம்ம பாட்டன் பயந்தது மட்டும் பொய்யில்லை! 1924-ல தென்னாப்பிரிக்காவின் டாங் சுண்ணாம்புக் குவாரியில ஒரு சின்ன மண்டையோடு கிடைச்சது. மூணு, நாலு வயசுக் குழந்தை. நமக்கு ரொம்ப முந்தின ஆஸ்ட்ரலோபித்தேகஸ் இனம், 20 லட்சம் வருஷத்துக்கும் பழசு. எப்படிச் செத்துச்சுன்னு ரொம்ப காலமா சண்டை. 2006-ல லீ பெர்கர்ங்கிற ஆராய்ச்சியாளர் கண் குழியில இருந்த காயங்களைப் பார்த்தார். ஆப்பிரிக்கக் கழுகு அடிச்ச குரங்குகளோட மண்டையில இருக்கிற அதே மாதிரி காயங்கள்! அந்தக் குழந்தையை அடிச்சது வானத்துலேர்ந்து வந்த ஒரு பறவை.

இன்னொரு கேஸ் நியூஸிலாந்துல. ஹாஸ்ட் கழுகுனு ஒண்ணு. 10 முதல் 15 கிலோ எடை. மோவாங்கிற பறக்காத ராட்சஸப் பறவையையே அடிச்சுத் தின்னது. சுமார் 700 வருஷத்துக்கு முன்னாடி மாவோரி மக்கள் அந்தத் தீவுல வந்து இறங்கினாங்க. ஆளையே தூக்கிட்டுப் போற பறவையைப் பத்தி அவங்க கதைகள்ல இன்னிக்கும் பேச்சு இருக்கு. யார் ஜெயிச்சதுன்னு நினைக்கிறீங்க? மனுஷன் வேட்டையாடி ரெண்டு நூற்றாண்டுக்குள்ளேயே மோவா காலி. சாப்பாடு போனதும் கழுகும் காலி!

அதனால கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்கலாம்னு தோணுது. டெரோசாரோட நாம வாழ்ந்திருக்க முடியுமாங்கிறதை விடுங்க... நம்மளோட டெரோசார் வாழ்ந்திருக்க முடியுமா? சீனாவுல ஹாமிங்கிற இடத்துல ஒரே இடத்துல 200-க்கும் மேற்பட்ட டெரோசார் முட்டைகள் கிடைச்சிருக்கு. தோல் மாதிரி மெத்துனு இருக்கிற ஓடு. ஈட்டி, நெருப்பு, பசி மூணும் இருக்கிற நம்ம பாட்டன் கண்ணுல அது பட்டிருந்தா? ஆம்லெட்தான்!

பழைய கதைன்னு ஒதுக்கிடாதீங்க. நம்ம நாட்டுல வெண்முதுகுப் பாறுக் கழுகு 1990-கள்லேர்ந்து 99 சதவிகிதத்துக்கு மேல அழிஞ்சு போச்சு. யாரும் ஈட்டி எறியலை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, செத்த மாட்டோட கறி வழியா கழுகோட கிட்னியைக் காலி பண்ணிடுச்சு. 2006-ல அந்த கால்நடை மருந்துக்கு அரசாங்கம் தடை போட்டுச்சு. மிஞ்சினதுல கொஞ்சம் நீலகிரி பக்கம் மாயாறு பள்ளத்தாக்குல இருக்கு.

அடுத்த தடவை யாராவது 'உயிரோட டெரோசார்'னு போட்டோ அனுப்பினா, 'எலும்பு எங்கே மச்சி?'னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அப்புறம் முதுமலைப் பக்கம் டூர் போனா, கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்க. ஆறேழு அடி இறக்கையை விரிச்சு வட்டமடிக்கிற நிஜ ஆள் ஒருத்தர், இப்போதைக்கு அங்கே இருக்கார்.